தோற்ற ஆட்டத்தை அழிக்காதீர்கள்

தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



2024ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, வடகிழக்கு ரயில் பாதையின் புதிய கடைசி நிலையமாகப் பொங்கோல் கோஸ்ட் திறக்கப்பட்டது. அங்கே ரயிலில் ஏறி உட்கார்ந்தால் செங்காங், சிராங்கூன், லிட்டில் இந்தியா வழியாக மறுமுனையான ஹார்பர்ஃபிரண்ட் போய்ச் சேரலாம். அங்கிருந்து சிறிது கடலைத் தாண்டினால் செந்தோசா. நிலையம் திறந்து இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 12ஆம் தேதி, அதே செந்தோசாவில் சென்னையைச் சேர்ந்த 18 வயது டி. குகேஷ் சதுரங்க உலக வெற்றியாளர் பட்டத்தை வென்றார். சர்ச்சைக்கிடமற்ற உலகப் பட்டத்தை அவ்வளவு இளம் வயதில் அதற்கு முன் எவரும் வென்றதில்லை.

அந்தச் செய்தியைக் கேட்டுப் பெருமைப்படாத தமிழ்க் குடும்பம் இருந்திருக்காது. ஆனால் அதே குடும்பங்களில் பிள்ளை கணினியின் முன் உட்கார்ந்து வியூக விளையாட்டு ஆடினால், "எப்போது பார்த்தாலும் கேம்தானா?" என்ற குரல் எழுகிறது. சதுரங்கம் அறிவு, கணினி விளையாட்டு வீண் என்று பிரித்துவிடுகிறார்கள். அது சரியான பிரிவா? எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதைப் பற்றியதுதான் இன்றைய உரை.

முறை என்றால் என்ன?

கணினி விளையாட்டுகளில் ஒரு வகை, விரல் வேகத்தைக் கேட்பது. இன்னொரு வகை, சிந்தனையைக் கேட்பது. இந்த இரண்டாம் வகையில் முக்கியமானது முறைவைத்து ஆடும் வியூக விளையாட்டு. உங்கள் முறை வரும்போது எதிரி காத்திருப்பான். அவன் முறை வரும்போது நீங்கள் காத்திருக்க வேண்டும். சிட் மெய்யரின் பெயரால் 1991இல் வெளிவந்த சிவிலைசேஷன், ஜப்பானில் 1990இல் தொடங்கிய ஃபயர் எம்ப்ளம், வேற்றுக்கிரகவாசிகளை எதிர்த்து ஆடும் எக்ஸ்காம் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை.

தமிழருக்கு இது புதியதும் அல்ல. ஆடுபுலி ஆட்டம் வேறென்ன? ஒரு பக்கம் மூன்று புலிகள், மறுபக்கம் பதினைந்து ஆடுகள். புலி தாண்டினால் ஆடு வெட்டுப்படும். ஆடுகளோ எதையும் வெட்ட முடியாது. சேர்ந்து நின்று புலியை நகர விடாமல் அடைத்தால்தான் அவற்றுக்கு வெற்றி. பழைய கோயில்களின் கல்தளங்களில் இந்த ஆட்டத்தின் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். மின்சாரம் இல்லாமல் ஆடிய வியூக விளையாட்டு அது.

அந்தக் கல்தளத்துக்கும் இன்றைய கணினிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கல்லில் ஆடியபோது வெட்டுப்பட்ட ஆடு வெட்டுப்பட்டதுதான். கணினியில் அப்படி இல்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

திரும்பிப் போகும் பழக்கம்

பொங்கோலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் ஆடிக்கொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். போர் வீரன் ஒருவனை முன்னே அனுப்புகிறான். வீரன் மடிகிறான். பையன் முகம் சுளிக்கிறான். உடனே இரண்டு பொத்தான்களைத் தட்டி, ஐந்து நிமிடத்துக்கு முன் சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போகிறான். வீரன் உயிரோடு நிற்கிறான். இம்முறை வேறு பக்கம் அனுப்புகிறான். அதுவும் பலிக்கவில்லை என்றால் மறுபடியும் திரும்புகிறான். இப்படிப் பத்துத் தடவை திரும்பிப் போய், கடைசியில் ஒரு கீறலும் இல்லாமல் வெற்றி பெறுகிறான்.

அவன் வென்றான் என்பது உண்மை. ஆனால் அவன் ஆட்டம் வளர்ந்ததா? இல்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் எதிரி ஒளிந்திருக்கிறான் என்பது அவனுக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது. கதவைத் திறக்குமுன் எப்படி நிற்க வேண்டும் என்பது தெரியவில்லை. அடுத்த வரைபடத்தில் கதவு வேறு இடத்தில் இருக்கும். அங்கே அவன் மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவான்.

இந்தப் பழக்கத்தை விளையாட்டை உருவாக்குபவர்களும் கவனித்திருக்கிறார்கள். 2012இல் வெளிவந்த எக்ஸ்காம் விளையாட்டில் 'அயர்ன்மேன்' என்றொரு முறையை வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சேமிப்புதான். ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் அது தானாகவே புதுப்பிக்கப்படும், பின்னால் போக வழி கிடையாது. சாதாரண முறையிலும்கூட, சேமித்த இடத்துக்குத் திரும்பி அதே குறியை அதே வரிசையில் மீண்டும் சுட்டால் அதே விளைவுதான் வரும்படி அமைத்திருந்தார்கள். ஃபயர் எம்ப்ளம் விளையாட்டில் போரில் விழுந்த வீரர் திரும்ப வரமாட்டார் என்பதே அடிப்படை விதி. அந்த விதி கடினமாக இருப்பவர்களுக்காக 2010இல் ஓர் எளிய முறையைச் சேர்த்தார்கள். 2019இல் வந்த திரீ ஹவுசஸ் விளையாட்டில் காலத்தைப் பின்னோக்கித் திருப்ப முடியும். ஆனால் ஒரு போரில் குறிப்பிட்ட தடவைகள் மட்டுமே.

பின்வாங்கலைச் சிலர் முழுதாக மறுத்தார்கள், சிலர் அளவோடு அனுமதித்தார்கள். அளவே இல்லாத பின்வாங்கல் ஆட்டத்தின் உயிரை எடுத்துவிடும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

பத்தில் ஒன்று தவறும்

திரும்பிப் போகும் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. "90 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது என்று திரை சொன்னதே, எப்படித் தவறியது? ஏமாற்றுகிறது" என்று பிள்ளைகள் கோபப்படுவார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு தடவை சுட்டால் 90 விழுக்காடு பலிக்கும். பத்துத் தடவை சுட்டால் பத்தும் பலிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடுதான். அதாவது மூன்றில் இரண்டு தடவை, பத்தில் ஒன்றாவது தவறியே தீரும். இது ஏமாற்று அல்ல, சாதாரணக் கணக்கு.

நல்ல ஆட்டக்காரர் இந்தத் தவறலை முன்கூட்டியே எதிர்பார்க்கிறார். குறி தவறினாலும் அந்த வீரன் சுவருக்குப் பின்னால் நிற்கும்படி முதலில் நிறுத்திவிட்டுத்தான் சுடச் சொல்கிறார். திரும்பிப் போய்ப் பழகியவருக்கோ சுவர் தேவைப்படுவதே இல்லை. தவறினால் அழித்துவிடலாமே!

செந்தோசாவில் அழிப்பான் இல்லை

இப்போது குகேஷின் ஆட்டத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 25ஆம் தேதி, உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம். எதிரில் அன்றைய உலக வெற்றியாளர், சீனாவின் டிங் லிரன். அந்த முதல் ஆட்டத்திலேயே குகேஷ் தோற்றார். மூன்றாம் ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். பின்னர் தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் டிரா. பதினோராம் ஆட்டத்தில் வென்று முன்னிலைக்கு வந்தார். மறுநாள் பன்னிரண்டாம் ஆட்டத்தில் தோற்று, கையில் வந்த முன்னிலையை இழந்தார். பதின்மூன்றாவதும் டிரா. ஆளுக்கு ஆறரைப் புள்ளி.

கணினியில் என்றால், பன்னிரண்டாம் ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கலாம். செந்தோசாவில் அதற்கு வழியில்லை. அந்தத் தோல்வியைச் சுமந்துகொண்டேதான் அடுத்த ஆட்டத்தில் உட்கார வேண்டும். அப்படி உட்காரப் பழகுவதும் ஒரு பயிற்சிதான். இதற்காகவே தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மனவலிமைப் பயிற்சியாளர் பேடி அப்டனின் துணையைக் குகேஷ் பெற்றிருந்தார்.

பதினான்காம் ஆட்டம். கறுப்புக் காய்கள் குகேஷிடம். இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். இத்தகைய நிலை டிராவில் முடியும் என்பதே பெரும்பாலோர் கணிப்பு. கைகுலுக்கிவிட்டு, மறுநாள் வேகச் சதுரங்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. ஒவ்வொரு முறையும் எதிராளிக்குச் சின்னச் சின்னக் கேள்வி ஒன்றை வைத்துக்கொண்டே இருந்தார். டிங்கின் கடிகாரத்தில் நேரமோ மிகக் குறைவாக இருந்தது. 55ஆம் நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட்டு, சிப்பாய்கள் மட்டுமே மிஞ்சும் நிலைக்கு அது வழிவிட்டது. அந்த நிலையில் கூடுதலாக இருந்த ஒற்றைச் சிப்பாய் போதும். 58 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது. ஏழரைக்கு ஆறரை.

குகேஷின் பயிற்சியில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சிறுவயதில் அவருக்குப் பயிற்சி தந்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, சரியான நகர்வைச் சொல்லித் தரும் சதுரங்கக் கணினி நிரல்களைப் பல ஆண்டுகள் அவர் பயன்படுத்தாமல் பார்த்துக்கொண்டார். விடையை முதலில் பார்த்துவிட்டால் தேடும் திறன் வளராது என்பதே அதன் கருத்து. கணினி விளையாட்டிலும் இதே கதைதான். ஆட்டத்தைத் தொடங்குமுன்பே "இந்தக் கட்டத்தை வெல்வது எப்படி" என்ற காணொளியைப் பார்ப்பவர், அடுத்தவரின் ஆட்டத்தை நகல் எடுக்கிறார். முதலில் ஆடுங்கள். தோற்றபின் பாருங்கள். அப்போதுதான் காணொளியில் இருப்பவர் எங்கே வேறு மாதிரி எண்ணினார் என்பது புரியும்.

முறையை முடிக்குமுன் மூன்று கேள்விகள்

சரி, ஆட்டத்தை எப்படி வளர்ப்பது? பெரிய இரகசியம் எதுவும் இல்லை. உங்கள் முறையை முடிக்கும் பொத்தானைத் தொடுமுன் மூன்று கேள்விகள் கேட்டுப் பழகினால் போதும்.

முதல் கேள்வி: எதிரி அடுத்து என்ன செய்ய நினைக்கிறான்? இதைப் பழக ஒரு நல்ல விளையாட்டு, 2018இல் வந்த இன்டு தி பிரீச். சதுரங்கப் பலகையைப் போலவே எட்டுக்கு எட்டுக் கட்டங்கள். எதிரிகள் யாரைத் தாக்கப் போகிறார்கள் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். அதைப் பார்த்து நீங்கள் நகர்த்த வேண்டும். எதிரியைக் கொல்வதைவிட, ஒரு கட்டம் தள்ளிவிட்டு அவன் அடி அவன் கூட்டாளி மேலேயே விழச் செய்வது பல நேரங்களில் சிறந்த விடையாக இருக்கும். ஒரு போரில் ஒரே ஒரு தடவை மட்டும் உங்கள் முறையைத் திரும்பப் பெறலாம். அந்த ஒரு வாய்ப்பை எப்போது செலவிடுவது என்பதே பாதி ஆட்டம்.

இரண்டாம் கேள்வி: இந்த நகர்வால் எதைக் கைவிட வேண்டியிருக்கிறது? ஒரு நகரைக் காக்க வீரரை அனுப்பினால் இன்னொரு நகர் காவலின்றி நிற்கும். செலவில்லாத நகர்வு இந்த வகை விளையாட்டில் அரிது. செலவு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

மூன்றாம் கேள்வி: கணக்குத் தவறினால் அடுத்த முறைக்கு என்ன மிஞ்சும்? ஏதாவது மிஞ்சும் என்றால் துணியலாம். எதுவும் மிஞ்சாது என்றால் வேறு நகர்வு தேடுங்கள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருக்க நேரம் தருவதுதான் முறைவைத்து ஆடும் ஆட்டத்தின் சிறப்பு. அந்த நேரத்தைப் பயன்படுத்தாமல் பொத்தானைத் தட்டினால் அது வேக விளையாட்டு ஆகிவிடும்.

ஆட்டம் சலித்துப் போனால்

திறமை வளர்ந்தபின் வேறொரு தொல்லை வரும். சலிப்பு. எப்போதும் ஒரே நாடு, ஒரே தொடக்கம், ஒரே படை. பாதி ஆட்டத்திலேயே வெற்றி உறுதியாகிவிடும். மீதியை ஆட மனம் வராது. சிவிலைசேஷன் விளையாட்டைப் பலர் பாதியிலேயே கைவிடுகிறார்கள் என்பதை அதை உருவாக்குபவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் வெளிவந்த ஏழாம் பதிப்பை மூன்று யுகங்களாகப் பிரித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த ஏழாம் பதிப்பில் தமிழர்களுக்கு ஒரு மகிழ்ச்சியும் உண்டு. இரண்டாம் யுகத்தில் சோழ நாட்டைத் தேர்ந்தெடுத்து ஆடலாம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டலாம். இராசேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தின் மீது சென்றது 1025ஆம் ஆண்டு. சரியாக ஆயிரம் ஆண்டு கழித்துச் சோழரின் கப்பல் கணினித் திரையில் புறப்பட்டிருக்கிறது. எந்தத் தமிழ்ப் பிள்ளையும் முதலில் சோழரைத்தான் தேர்ந்தெடுப்பான். ஒரு தடவை தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாம் தடவை அதே யுகத்திலுள்ள மஜாபாகித்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடலின் இந்தக் கரையில் நின்று பார்த்தால் அதே கப்பல்கள் எப்படித் தோன்றும் என்பது அப்போது புரியும். ஆடுபுலி ஆட்டத்தில் புலியாக ஆடியவர் அடுத்து ஆடாக ஆடுவதில்லையா? அதுதான். பக்கம் மாறி ஆடுவதைப் போல ஆட்டத்தைத் துலக்கும் பயிற்சி வேறில்லை.

சிலர் சலிப்புக்கு மருந்தாகக் கடின நிலையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். சிவிலைசேஷன் போன்ற விளையாட்டுகளில் கடினத்தைக் கூட்டும்போது கணினி கூடுதல் அறிவோடு ஆடுவதில்லை, கூடுதல் வளங்களோடு ஆடுகிறது. ஆறாம் பதிப்பின் உச்ச நிலையில், உங்களுக்கு ஒரு குடியேறிக் குழு இருக்கும்போது கணினி மூன்றோடு தொடங்கும். அந்தச் சுவரில் மோதுவதும் ஒரு சுவைதான். ஆனால் உண்மையான சுவை வேண்டுமென்றால் மனிதரோடு ஆடுங்கள்.

அதற்கு வழியும் எளிது. ஆறாம் பதிப்பைக் கணினியில் ஆடும்போது ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து பலர் ஆடலாம். அண்ணன் முறை முடிந்ததும் தங்கை உட்காருவாள். தங்கை முடித்ததும் அப்பா. விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றும் இல்லை. 2003ஆம் ஆண்டிலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும் பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற விளையாட்டு இலவசம். அதிலும் ஒரே கணினியில் இருவர் மாறி மாறி ஆடலாம். எதிரில் தங்கை உட்கார்ந்திருந்தால் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போக அவள் விடுவாளா? அழித்து ஆடும் பழக்கம் அங்கேயே நின்றுவிடும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

இந்த விளையாட்டுகளின் பெரிய ஆபத்து, "இன்னும் ஒரே ஒரு முறை" என்ற ஆசை. சிவிலைசேஷன் ஆட்டக்காரர்களிடையே உலகெங்கும் வழங்கும் பேச்சு அது. ஒரு முறை, இன்னொரு முறை என்று விடிந்துவிடும். ஆனால் இதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. இணையத்தில் மற்றவர்களோடு ஆடும் வேக விளையாட்டை நடுவில் நிறுத்தச் சொன்னால் பிள்ளை சண்டைக்கு வருவான். நிறுத்தினால் தோல்வி அவனுக்கு, கோபம் கூட ஆடுபவர்களுக்கு. முறைவைத்து ஆடுவதை ஒவ்வொரு முறையின் முடிவிலும் நிறுத்தலாம். எதுவும் கெட்டுப்போகாது. ஆகவே "அரை மணி நேரம்" என்று சொல்வதைவிட "பத்து முறை" என்று பேசி முடிவு செய்யுங்கள். பத்து முறைதான் என்றால் ஒவ்வொன்றையும் எண்ணி ஆடுவான். ஆட்டமும் வளரும், நேரமும் அடங்கும்.

ஆடி முடித்ததும் "ஜெயித்தாயா?" என்று கேட்காதீர்கள். "எந்த முறையில் தவறு நடந்தது?" என்று கேளுங்கள். ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். எத்தனையாம் முறை, என்ன நினைத்து நகர்த்தினான், என்ன நடந்தது என்று மூன்று வரி. சதுரங்கத்தில் நகர்வுகளை எழுதி வைப்பது கட்டாயம். தோற்ற ஆட்டத்தை மறுநாள் உட்கார்ந்து ஆராய்வதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். வென்ற ஆட்டத்தை நினைத்து மகிழலாம். தோற்ற ஆட்டத்திலிருந்துதான் கற்க முடியும்.

இது விளையாட்டோடு நிற்கிற செய்தி அல்ல. சிவப்பு மையில் திருத்தப்பட்ட தேர்வுத் தாளைப் பைக்குள் ஒளித்து வைக்கும் பிள்ளையும், வீரன் விழுந்தவுடன் ஆட்டத்தை அழிக்கும் பிள்ளையும் செய்வது ஒன்றுதான். தவறைக் கண்கொண்டு பார்க்கப் பயப்படுகிறார்கள். தேர்வுத் தாளில் அந்தப் பயத்தைப் போக்குவது கடினம், மதிப்பெண் போய்விடும். விளையாட்டில் எளிது. அங்கே விழும் வீரன் வெறும் படம். ஒரு தடவை அவன் விழட்டும். மிஞ்சிய மூன்று பேரோடு அந்தப் போரை முடிக்கட்டும். தோற்றாலும் பரவாயில்லை. அந்த மூன்று பேரோடு அவன் எடுத்த முடிவுகள், அழித்து அழித்து வாங்கிய பத்து வெற்றிகளைவிட அவனுக்கு நன்றாக நினைவிருக்கும்.

பொங்கோல் என்ற பெயருக்கு, மரத்திலுள்ள பழத்தைக் கோல் எறிந்து வீழ்த்துவது என்று மலாய் மொழியில் பொருள் கூறுவார்கள். முதல் எறியில் பழம் விழுவது அபூர்வம். எறிந்தவர் கோல் எங்கே போய் விழுந்தது என்று பார்த்துவிட்டு, அதைக் கொஞ்சம் திருத்தி அடுத்ததை எறிவார். எங்கே விழுந்தது என்று பார்க்காமலே எறிந்துகொண்டிருப்பவருக்குக் கைதான் வலிக்கும்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளை ஆட உட்கார்ந்தால், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். பத்து முறை. திரும்பிப் போகக் கூடாது. முடிந்தால் எதிர்ப்பக்கத்தை நீங்களே எடுத்து ஆடுங்கள். தோற்றால் பிள்ளையின் முன்னால் சிரித்துக்கொண்டே தோற்றுக் காட்டுங்கள்.